ரொமான்டிக் காலப் பாலேயை ஒரே ஓர் இரவு பார்க்கலாம் என்றால், எந்த இரவு?

நீங்கள் கேட்டது இது: கால இயந்திரம் ஒன்று கிடைத்து, 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவின் ரொமான்டிக் காலப் பாலேயை ஒரே ஓர் இரவு பார்க்கலாம் என்றால் எந்த ஊரில், எந்தத் தேதியில் போய் இறங்குவது? கூடவே, இன்று நாம் பார்க்கும் 'ஜிசெல்'தான் அன்றும் ஆடப்பட்டதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். முதல் கேள்வி கற்பனை, இரண்டாவது வரலாறு. இரண்டாவதற்குப் பதில் தெரிந்தால்தான் முதலாவதைத் தீர்மானிக்க முடியும். இன்றும் ஓரளவு பார்க்கக் கிடைக்கிற ஒன்றுக்காக அந்த ஒரே இரவைச் செலவழிக்க வேண்டாம். முழுக்கத் தொலைந்துபோன ஒன்றைத் தேடித்தான் போக வேண்டும் என்பது என் எண்ணம்.

நான் பாலே ஆசிரியை. ரஷ்ய முறையில் பயின்றேன். பிறகு டென்மார்க்கின் பூர்னோன்வில் முறை வகுப்புகளுக்கும் போனேன். பழைய ஆட்டக் குறியீடுகளைப் படித்து மாணவிகளுக்கு ஆடக் கற்றுத்தருவதைப் பல வருடங்களாகச் செய்துவருகிறேன். என் உடம்பு முதலில் பழகியது ரஷ்ய முறைக்கு என்பதால், பழைய ஆட்டத்தை நான் புரிந்துகொள்வதிலும் அந்தச் சாய்வு கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். இன்னொரு எல்லையும் உண்டு. அந்தக் காலத்தில் சினிமா கிடையாது. கையில் இருப்பவை பத்திரிகை விமர்சனங்கள், நினைவுக் குறிப்புகள், லித்தோகிராஃப் (கல்லச்சு) படங்கள், வயலின் ஒத்திகைப் பிரதிகள், மிகச் சில ஆட்டக் குறியீடுகள், அவ்வளவுதான். ஆவணத்தில் இருப்பதை உறுதியாகவும், என் ஊகத்தை ஊகம் என்றும் சொல்லிவிடுகிறேன்.

பாலே பிடித்தவர்களிடம் இதைக் கேட்டால் பெரும்பாலானவர்கள் 28 ஜூன் 1841 என்பார்கள். பாரிஸ் ஓபெராவில் 'ஜிசெல்' முதன்முதலாக மேடையேறிய இரவு அது. நாயகி கார்லோட்டா கிரீசியின் 22ஆவது பிறந்தநாளும் கூட. வேறு சிலர் 12 ஜூலை 1845 என்பார்கள். லண்டன் ஹெர் மெஜஸ்டிஸ் தியேட்டரில் மரீ தாலியோனி, கிரீசி, ஃபானி செர்ரீத்தோ, லூசில் கிரான் நால்வரும் சேர்ந்து 'பா தெ காத்ர்' (நால்வர் ஆட்டம்) ஆடிய இரவு. அந்த நால்வர் சேர்ந்து ஆடியது நான்கே முறைதான். மூன்றாவது முறை விக்டோரியா ராணி வந்திருந்தார். தாலியோனிக்கு முந்தைய இடம் யாருக்கு என்று கிரீசிக்கும் செர்ரீத்தோவுக்கும் தகராறு வந்ததாகவும், "வயதில் மூத்தவருக்கே அந்த இடம்" என்று நிர்வாகி பெஞ்சமின் லம்லி சொன்னதும் இருவரும் விட்டுக்கொடுத்ததாகவும் ஒரு கதை உண்டு. அதைச் சொன்னவர் லம்லிதான், அதுவும் பல வருடங்கள் கழித்து எழுதிய நினைவுக் குறிப்பில். அதனால் அதைப் பாதி நம்பினால் போதும். எப்படியானாலும் அது ஒரு சிறு உருப்படி. ஒரே இரவு கிடைக்கிறது என்றால் முழுக் கதை ஒன்றைப் பார்ப்பதுதான் நல்லது.

சரி, 'ஜிசெல்'லுக்கு வருவோம். திருமணத்துக்கு முன்பே இறந்துபோன பெண்கள் வில்லிகள் என்ற ஆவிகளாகி, இரவில் காட்டுக்குள் சிக்கும் ஆணைச் சாகும்வரை ஆடவைக்கிறார்கள். அவர்களிடமிருந்து தன்னை ஏமாற்றிய காதலனை ஜிசெல் காப்பாற்றுகிறாள். கதை இன்றும் இதேதான். அடோல்ஃப் ஆதாமின் இசையில் பெரும்பகுதியும் அதேதான். ஆனால் ஆட்டம் நம்மிடம் வந்த வழி வளைந்தது. பாரிஸ் ஓபெரா 1868க்குப் பிறகு இதை ஆடுவதையே நிறுத்திவிட்டது. மறுபடி எடுத்தது 1924இல். இடையில் இதை உயிரோடு வைத்திருந்தது செயின்ட் பீட்டர்ஸ்பர்க். 1842லேயே அங்கே போய்ச் சேர்ந்துவிட்ட ஆட்டத்தை அந்த ஊரின் நடன அமைப்பாளர் மாரியுஸ் பெத்திபா தன் நீண்ட காலத்தில் திரும்பத் திரும்பத் திருத்தி அமைத்தார். இன்று உலகமெங்கும் ஆடப்படுவது பெரும்பாலும் அந்த ரஷ்ய வழியில் வந்தது. முதல் அங்கத்தில் ஜிசெல் ஒற்றைக்கால் நுனியில் தத்தித் தத்தி மேடையைக் குறுக்காகக் கடக்கும் இடத்தில் அரங்கமே கைதட்டும் அல்லவா? அந்தத் தனியாடல் 1841இல் கிடையாது. ரஷ்யாவில் பிற்காலத்தில் சேர்ந்தது.

அதேபோல, அன்று இருந்து இன்று பெரும்பாலும் விடுபட்டுப்போனவையும் உண்டு. வில்லிகள் கல்லறைச் சிலுவையைத் தாக்க முயன்று பின்வாங்கும் இடத்துக்கு ஆதாம் ஒரு முழு ஃபியூக் (ஒரே மெட்டைப் பல குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் துரத்தும் இசை வடிவம்) எழுதியிருந்தார். இன்று பல குழுக்கள் அதை வெட்டிவிடுகின்றன. முடிவும் வேறு. இப்போது நாயகன் விடியலில் தனியாக நிற்பான். 1841இல், பூக்களுக்குள் புதைந்துகொண்டே ஜிசெல் அவனை அவனுக்கு நிச்சயித்த பெண்ணான பதில்டிடம் போகச் சொல்கிறாள். பதில்ட் மேடைக்கு வருகிறாள், அவன் அவளை நோக்கிக் கை நீட்டுகிறான். மன்னிப்பில் முடிகிற கதை அது. துயரத்தில் முடிகிற இன்றைய வடிவத்தைவிட எனக்கு அதுதான் பொருந்துவதாகப் படுகிறது, ஏனென்றால் இரண்டாம் அங்கம் முழுவதும் ஜிசெல் செய்வது மன்னிப்பதுதான். இவையெல்லாம் எப்படித் தெரியும் என்றால், பீட்டர்ஸ்பர்க் அரங்கேற்றத்துக்காக அந்த்வான் தித்யூஸ் கொண்டுபோன ஒத்திகைப் பிரதி கிடைத்திருக்கிறது. முழு இசையை இரண்டு வயலினுக்குச் சுருக்கி, எந்த இசைவரிக்கு எந்தப் பாத்திரம் கைகளால் என்ன சொல்கிறது என்று ஓரத்தில் எழுதிவைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்தால் ஒரு விஷயம் தெளிவாகிறது: ஆட்ட நேரத்தில் ஏறக்குறைய பாதி அபிநயத்துக்குப் போயிருக்கிறது. ஆக உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில்: கதையும் இசையும் பெரும்பாலும் அதேதான், அடவுகள் பெரும்பாலும் வேறு, அபிநயம் இன்றைவிடப் பல மடங்கு அதிகம்.

'ஜிசெல்'லின் சுவடு இந்த அளவுக்கு இருக்கிறது. ஆனால் அதற்கு ஒன்பது வருடம் முந்தைய 'லா சில்ஃபீட்'டின் பாரிஸ் வடிவம் அப்படியில்லை. மரீ தாலியோனிக்காக அவருடைய அப்பா ஃபிலிப்போ தாலியோனி அமைத்த ஆட்டம் அது. ரொமான்டிக் பாலே என்று நாம் சொல்வதன் உருவமே அதில்தான் முழுமையாக வந்தது. இசைப் பிரதியும் கதைப் புத்தகமும் இருக்கின்றன, அடவுகள் போய்விட்டன. 1836இல் டேனிஷ் நடன அமைப்பாளர் ஔகுஸ்ட் பூர்னோன்வில் கோபன்ஹேகனில் அதே கதையை லோவென்ஸ்கியோல்டின் புது இசையோடு, தன் சொந்த அடவுகளோடு மேடையேற்றினார். பாரிஸ் இசைப் பிரதியின் விலை கட்டுப்படியாகவில்லை என்பது வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். அந்த டேனிஷ் வடிவம் விடாமல் ஆடப்பட்டு இன்றுவரை வாழ்கிறது. பிரெஞ்சு நடன அமைப்பாளர் பியர் லாகோத் 1972இல் பாரிஸ் வடிவத்தை ஆவணங்களிலிருந்து மீட்டெடுக்கப் பார்த்தார். அழகான, மரியாதையான உழைப்பு. ஆனாலும் அதில் உள்ள அடவுகளில் பெரும்பகுதி லாகோத்துடையவை. அதனால் என் பதில்: 12 மார்ச் 1832, திங்கட்கிழமை, பாரிஸ், 'லா சில்ஃபீட்' முதல் இரவு.

இறங்குகிற இடத்தைச் சரியாகப் பார்த்துக்கொள்ளுங்கள். படங்களில் பார்த்த கார்னியே மாளிகையைத் தேடிப் பயனில்லை, அது 1875இல்தான் திறந்தது. நீங்கள் போக வேண்டியது லே பெலெத்தியே வீதியில் இருந்த ஓபெராவுக்கு. 1820இல் பெரி கோமகன் பழைய ஓபெரா வாசலில் குத்திக் கொல்லப்பட்டதால் அந்தக் கட்டடத்தை இடித்துவிட்டு, 1821இல் தற்காலிகமாக எழுப்பிய அரங்கம் இது. தற்காலிகமானது 1873இல் தீயில் எரியும்வரை நின்றது. இன்னொரு எச்சரிக்கை: ஆட்டம் முடிந்ததும் திரும்பிவிடுங்கள். இரண்டு வாரத்தில், மார்ச் கடைசியில், பாரிஸில் காலரா வெடித்தது. அந்த வருடம் அந்த ஊரில் மட்டும் ஏறக்குறைய 18,000 பேர் இறந்தார்கள்.

உள்ளே போனதும் முதலில் உங்களை உறுத்தப்போவது வெளிச்சம். பார்வையாளர் பக்கம் இருட்டாக இருக்காது. சரவிளக்கு எரிந்துகொண்டே இருக்கும். மேடையைப் பார்ப்பது போலவே ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். 1830 புரட்சிக்குப் பிறகு ஓபெராவை லூயி வெரோன் என்ற தொழில்முனைவோரிடம் ஒப்படைத்திருந்தது அரசு. அரசு மானியம் உண்டு, லாபநட்டம் அவருடையது. புதிதாகப் பணம் பார்த்த நடுத்தர வகுப்பை உள்ளே இழுக்க வேண்டும் என்பது அவருடைய கணக்கு. கைதட்டலைக்கூட அவர் தற்செயலுக்கு விடவில்லை. ஓகுஸ்த் என்று ஊரே அறிந்த ஓகுஸ்த் லெவாசர் தன் ஆட்களோடு உட்கார்ந்திருப்பார். ஒத்திகை பார்த்து, எந்த இடத்தில் எவ்வளவு தட்டுவது என்று முன்பே முடிவு செய்துகொண்டு வருபவர் அவர். ஆகவே அன்றைய கைதட்டலை வைத்து ஆட்டத்தை எடைபோட வேண்டாம்.

மேடைக்கு எரிவாயு விளக்கு வந்து அப்போது பத்து வருடம் ஆகியிருந்தது. 1822இல் 'அலாதீன்' என்ற ஓபெராவுக்காக அதை முதன்முதலில் கொண்டுவந்தார்கள். மெழுகுவர்த்தியோடும் எண்ணெய் விளக்கோடும் ஒப்பிட்டால் அதன் பெரிய வசதி, குழாயைத் திருகி வெளிச்சத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். முந்தின வருடம் நவம்பரில் மையர்பீரின் 'ரோபேர் லெ தியாப்ளு' ஓபெராவில், இடிந்த மடத்தின் நிலவொளியில் இறந்த கன்னியாஸ்திரீகள் கல்லறைகளிலிருந்து எழுந்து ஆடும் காட்சியில் அந்த வித்தையைப் பாரிஸ் பார்த்து அசந்துபோயிருந்தது. காட்சியமைப்பு பியர் சிசெரி. மடத்தலைவியாக ஆடியவர் தாலியோனி. அதே இருவர்தான் 'லா சில்ஃபீட்'டிலும். முன்விளிம்பில் வரிசையாக எரியும் சுடர்களிலிருந்து வெளிச்சம் கீழிருந்து மேலே போகும். வெள்ளை மஸ்லின் பாவாடை அதை வாங்கிக்கொண்டு உள்ளிருந்தே ஒளிர்வது போலத் தெரிந்திருக்கும். இது என் ஊகம்தான். ஆனால் எங்கள் அரங்கில் தாழ்ந்த மஞ்சள் விளக்கை முன்விளிம்பில் மட்டும் வைத்து அந்த நீளப் பாவாடையோடு ஆடவைத்துப் பார்த்திருக்கிறேன். கணுக்கால் தெளிவாகத் தெரிகிறது, முகம் பாதி நிழலில் போகிறது, பாவாடை மிதக்கிறது. இன்றைய வெள்ளை ஸ்பாட் விளக்கில் இது ஒன்றுமே நடப்பதில்லை.

திரை விலகும்போது ஸ்காட்லாந்துப் பண்ணைவீடு ஒன்றில் ஜேம்ஸ் நாற்காலியில் தூங்கிக்கொண்டிருப்பான். அவன் காலடியில் மண்டியிட்டு சில்ஃபீட் என்ற சிறகுள்ள காற்றுத் தேவதை அவனைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவனுக்கு அன்று எஃபியோடு திருமணம். கொஞ்ச நேரத்தில் சில்ஃபீட் புகைபோக்கி வழியாக மேலே போய் மறைந்துவிடுவாள். அவளைத் தேடி அவன் மணமேடையை விட்டுக் காட்டுக்கு ஓடுவான். அவளைப் பிடித்து வைத்துக்கொள்ள ஆசைப்பட்டு, மேட்ஜ் என்ற சூனியக்காரி கொடுத்த சால்வையை அவள் தோளில் சுற்றுவான். சிறகுகள் உதிர்ந்து அவள் சாவாள். தூரத்தில் எஃபியின் கல்யாண ஊர்வலம் வேறொருவனோடு போகும். கதையை எழுதியவர் அடோல்ஃப் நூரி, அந்த ஓபெராவின் முன்னணிப் பாடகர். இசை ஷ்னைட்ஸ்ஹோஃபர்.

இசையைக் காது கொடுத்துக் கேளுங்கள், ஏனென்றால் தொலைந்துபோன விஷயங்களில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது அங்கேதான் இருக்கிறது. அந்தக் காலப் பாலே இசையமைப்பாளர்கள் ஊருக்கே தெரிந்த பாட்டின் மெட்டை நடுவில் நுழைப்பார்கள். ஆர்க்கெஸ்ட்ரா மெட்டை வாசிக்கும், கேட்பவர் மனதில் வார்த்தை ஓடும், மேடையில் இருப்பவர் வாய் திறக்காமலே பேசிவிடுவார். சில்ஃபீட்டை ஜேம்ஸ் இழக்கும் இடத்தில் ஷ்னைட்ஸ்ஹோஃபர் எடுத்துக்கொண்டது க்ளுக்கின் ஓபெராவில் ஓர்ஃபே தன் மனைவியை இழந்து பாடும் புகழ்பெற்ற பாட்டை. அரங்கில் இருந்த பெரும்பாலோருக்கு அந்த வரி மனப்பாடம். நமக்கு இன்று அது வெறும் அழகான மெட்டாகக் கடந்துபோகும். ஆட்டக்காரர், வாத்தியக்காரர், பார்ப்பவர் மூவரும் ஒரே பாட்டைத் தெரிந்துவைத்திருந்ததால் நடந்த உரையாடல் அது. அடவை எழுதிவைக்கலாம், இதை எழுதிவைக்க வழியில்லை. அந்த இரவில் நான் மேடையைவிடப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் முகத்தைப் பார்க்க விரும்புவது இந்த ஓர் இடத்துக்காகத்தான்.

அப்புறம் தாலியோனி. 27 வயது. கால்நுனியில் முதன்முதலில் நின்றவர் இவர்தான் என்று எல்லா இடத்திலும் படித்திருப்பீர்கள், அது சரியில்லை. பாரிஸில் ஜெனவியேவ் கோஸ்லான் 1810களிலேயே அப்படி ஆடியிருக்கிறார். இத்தாலியரான அமாலியா ப்ரூன்யோலி வியன்னாவில் நுனிக்காலில் ஆடியதை இளம் தாலியோனியே பார்த்திருக்கிறார். மேலே எழும்புவதற்குக் கைகளால் படாதபாடு பட வேண்டியிருந்தது என்பது அவர் கவனித்த குறை. தாலியோனி செய்தது அந்தச் சிரமத்தை மறைத்தது. அதற்குப் பின்னால் வியன்னாவில் அப்பாவிடம் எடுத்த ஆறு மாதக் கடும் பயிற்சி இருக்கிறது: காலையில் இரண்டு மணி நேரம் கால்களுக்கு, மதியம் இரண்டு மணி நேரம் நின்று நிலைக்கும் நிதானத்துக்கு, இரவில் இரண்டு மணி நேரம் தாவல்களுக்கு. இது அவர் நினைவுக் குறிப்பிலேயே இருக்கிறது. அவருடைய கூன்விழுந்த தோளையும் நீளமான கையையும் மறைப்பதற்காகத்தான் அப்பா அந்தக் குறுக்கே மடித்த கைநிலைகளை அமைத்தார் என்பார்கள். இருந்திருக்கலாம். ஆவணத்தை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. பீட்டர்ஸ்பர்க் ரசிகர்கள் அவர் செருப்பைச் சமைத்துச் சாப்பிட்டார்கள் என்பதையும் அதே தட்டில் வைக்கிறேன்.

செருப்பைப் பற்றி மட்டும் உறுதியாகப் பேசலாம், ஏனென்றால் அவருடையவை சில இன்னும் இருக்கின்றன. மெல்லிய சாட்டின், மெல்லிய தோல் அடி, நுனியைச் சுற்றி நெருக்கமாக ஊசித்தையல். இன்றைய செருப்பில் இருக்கும் கெட்டியான கூடு அதில் கிடையாது. தாங்குவது விரல்கள்தான். என் மூத்த மாணவிகளை உள்தகடு உருவிய பழைய செருப்பில் நிற்கவைத்தால், வலுவான பாதம் உள்ளவர்கள்கூட ஏறி, ஒரு கணம் தங்கி, இறங்கிவிடுவார்கள். தாலியோனியும் கிட்டத்தட்ட அப்படித்தான் செய்திருப்பார். நீண்ட நேரம் அசையாமல் நிற்கும் நிலைகளை எதிர்பார்த்துப் போகாதீர்கள். நீங்கள் பார்க்கப்போவது ஒரு கண நேரத் தொடுதல். சத்தமும் இருக்காது.

பூவிதழ் மேல் ஒற்றை விரலில் நிற்கும் லித்தோகிராஃப் படங்களை ஆதாரமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அவை விற்பனைக்காக வரைந்தவை. பாதங்களைச் சிட்டுக்குருவிக் கால் அளவுக்குச் சுருக்கியிருக்கிறார்கள். உண்மையான அடவு எப்படி இருந்தது என்பதற்கு நல்ல சாட்சி வேறு இடத்தில் இருக்கிறது. நடன அமைப்பாளர் ஆர்த்தூர் சேன்-லியோன் 1852இல் வெளியிட்ட குறியீட்டுப் புத்தகத்தில் தன்னுடைய 'லா விவாந்தியேர்' பாலேயிலிருந்து ஆறு பேர் ஆடும் ஓர் உருப்படியை அடவு அடவாகப் பதிவு செய்திருக்கிறார். ஆட்டக் குறியீட்டு ஆய்வாளர் ஆன் ஹட்சின்சன் கெஸ்ட் அதைப் படித்து மேடைக்குக் கொண்டுவந்தார். ரொமான்டிக் காலத்துக்காரரே தன் கையால் எழுதிவைத்தது என்பதால் இதைத்தான் நான் அதிகம் நம்புகிறேன். கால் இடுப்புக்கு மேல் போவதே அபூர்வம். கைகள் தாழ்ந்தே இருக்கும். பாதமோ நிற்கவே நிற்காது: சிறு தாவல், காற்றில் கால் தட்டல், திசைமாற்றம், உடனே அடுத்த தாவல். மாணவிகளுக்கு இதைச் சொல்லித்தந்தபோது, காலைத் தலைக்கு மேல் தூக்கத் தெரிந்த பெண்கள் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு பாதியில் உட்கார்ந்தார்கள். பழைய ஆட்டம் சுலபமானது என்று நினைப்பவர்கள் அதை ஒரு தடவை முழுதாக ஆடிப் பார்க்க வேண்டும்.

இரண்டாம் அங்கத்தில் சில்ஃபுகள் கம்பியில் பறப்பார்கள். அந்தக் காட்சிக்குப் பாரிஸ் மயங்கியது உண்மை. அந்தக் கம்பியில் தொங்கிய சின்னப் பெண்கள் பயத்தில் உறைந்திருந்ததும் உண்மை. எப்போது வேண்டுமானாலும் அறுந்துபோகக்கூடிய கம்பியில் இப்படித் தொங்கவிடுவதில் அழகு எதுவும் இல்லை என்று விமர்சகர் தியோஃபில் கோத்தியே எழுதினார். ஓர் இரவு இரண்டு பெண்கள் அந்தரத்தில் சிக்கிக்கொண்டதையும், மேடைத் தொழிலாளி ஒருவர் உயிரைப் பணயம் வைத்துக் கூரையிலிருந்து கயிற்றில் இறங்கி அவர்களை விடுவித்ததையும் அவர்தான் பதிவு செய்தார். கீழே சுடர், மேலே மஸ்லின். 1844 டிசம்பரில் லண்டன் ட்ரூரி லேன் மேடையில் க்ளாரா வெப்ஸ்டரின் பாவாடை தீப்பிடித்தது. மூன்றாம் நாள் இறந்தார். தாலியோனி தன் வாரிசாக வளர்த்த எம்மா லிவ்ரிக்கு 1862 நவம்பரில் ஒத்திகையில் அதே கதி. எட்டு மாதம் துடித்து 20 வயதில் இறந்தார். தீப்பிடிக்காத ரசாயனக் கரைசலில் துணியை நனைக்கும் முறை அப்போதே இருந்தது. துணி விறைத்து மங்கிப்போகும் என்பதால் லிவ்ரி வேண்டாம் என்றார். அவர் பிடிவாதத்தைக் குறை சொல்பவர்களை நான் ஏற்பதில்லை. எடையில்லாமல் தெரிவதுதான் ஒரு பெண்ணின் சம்பளம் என்று ஆக்கிவைத்த அரங்கம் அது. அந்தக் கருகிய உடையின் மிச்சம் பாரிஸ் ஓபெரா நூலகத்தில் இன்றும் இருக்கிறது.

இடைவேளையில் யாராவது உங்களை ஆட்டக்காரிகளின் கூடத்துக்கு அழைத்துப்போவதாகச் சொன்னால் போய்ப் பாருங்கள், வருத்தமாக இருக்கும். சந்தா கட்டிய பணக்கார ஆண்கள் அங்கே வந்து பழகலாம் என்று திறந்துவிட்டவர் வெரோன். அங்கே நின்ற பெண்களில் பலர் ஏழைக் குடும்பத்துச் சிறுமிகள். சம்பளம் வயிற்றுக்குப் போதாது. 'ஆதரவாளர்' ஒருவரைத் தேடிக்கொள்வது வீட்டாரே எதிர்பார்க்கும் விஷயமாக இருந்தது. மேடையில் தொட முடியாத ஆவி, பின்பக்கத்தில் விலைபேசப்படும் சிறுமி என்ற இந்த இரண்டையும் சேர்த்தே அந்தக் காலத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். ஆண் ஆட்டக்காரர்களுக்கு வேறு விதமான இறக்கம். ஜூல் பெரோ போன்ற அபாரமான ஆட்டக்காரரே 1835இல் ஓபெராவை விட்டுப் போனார். பின்னாளில் 'ஜிசெல்'லில் கிரீசியின் தனியாடல்களை அமைத்தவர் அவர்தான், ஆனால் விளம்பரத்தாளில் அவர் பெயர் இல்லை. ஆண்களின் ஆட்டத்தைக் காப்பாற்றி வைத்தது டென்மார்க்.

உங்களுக்கான என் பதில் முடிந்தது. இயந்திரம் எனக்குக் கிடைத்தால் நான் போவது வேறு இரவுக்கு, அதையும் சொல்கிறேன். 1838 ஆகஸ்ட், பாரிஸின் வெரியெத்தே தியேட்டர். அன்று அங்கே ஆடியவர்கள் கடலூருக்குப் பக்கத்துத் திருவந்திபுரத்திலிருந்து வந்த தேவதாசிகள்: அம்மணி, தில்லம்மாள், ரங்கம், சௌந்தரம், சின்னஞ்சிறு பெண்ணான வேதம். பெயர்களைப் பிரெஞ்சுப் பத்திரிகைகள் பலவிதமாக எழுதியதால் உச்சரிப்பில் முன்பின் இருக்கலாம். கூடவே நட்டுவனார் ராமலிங்கமும் வாத்தியக்காரர்களும். பாண்டிச்சேரியில் ஒப்பந்தம் போட்டு அழைத்துவந்தவர் தர்திவெல் என்ற வியாபாரி. பாரிஸுக்கு அதற்கு முன்பே ஓர் 'இந்திய ஆடல்மகள்' இருந்தாள்: 1830இல் ஓபெராவில் தாலியோனி ஆடிய 'கடவுளும் பயாதேரும்' நாயகி (பயாதேர் என்பது இந்திய ஆடல்மகளுக்குப் பிரெஞ்சுச் சொல்). உண்மையான ஆட்டக்காரிகள் வந்தபோது ஊர் அந்தக் கற்பனையோடு ஒப்பிட்டுத்தான் பார்த்தது. கோத்தியே ஷான்ஸெலிஸே பக்கம் அவர்கள் தங்கியிருந்த வீட்டுக்கே போய்ப் பார்த்து, அம்மணியைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினார். சுழன்றுகொண்டே நீளமான மஸ்லின் துணியை மடித்து மரமும் புறாக்களுமாக ஆக்கிக் காட்டிய ஆட்டம் பற்றிப் பலரும் எழுதியிருக்கிறார்கள். தாலியோனிக்கும் அவர் காலத்து இன்னொரு பாலே நட்சத்திரமான ஃபானி எல்ஸ்லருக்கும் சிறு சிலை வடித்த அதே சிற்பி ழான்-ஓகுஸ்த் பார், அம்மணிக்கும் வடித்தார். பிறகு அவர்கள் லண்டன் அடெல்ஃபி தியேட்டருக்குப் போனார்கள்.

மூன்று வருடம் கழித்து 'ஜிசெல்' கதையை எழுதியவர்களில் ஒருவர் இதே கோத்தியே. அச்சிட்ட கதைப் புத்தகத்தில் வில்லிகளின் கூட்டத்தில் சுல்மே என்று ஒரு பயாதேர் வந்து இந்திய நிலைகளை ஆடிக்காட்டுகிறாள். இது உறுதி. அந்தச் சுல்மேயின் பின்னால் அம்மணி இருக்கிறாரா என்பது என் ஊகம், கோத்தியே அப்படி எங்கும் சொன்னதாக நான் பார்த்ததில்லை. ஆனால் 1838இல் அவர் மனம் அந்த ஆட்டத்தில் எப்படி ஒட்டிக்கொண்டது என்பதைப் படித்தவர்களுக்கு இந்த ஊகம் பெரிதாகத் தோன்றாது. இன்றும் இரண்டாம் அங்கத்தில் வில்லிகளின் அரசி மிர்த்தாவுக்குத் துணையாக வரும் இரண்டு தனி வில்லிகளில் ஒருத்தியின் பெயர் சுல்மே. இந்திய நிலை எதுவும் மிச்சமில்லை. திருவந்திபுரத்துப் பெண்கள் என்ன நினைத்தார்கள் என்று சொல்ல அவர்கள் குரலில் எதுவும் என் கண்ணில் பட்டதில்லை. கிடைப்பவை எல்லாம் அவர்களைப் பார்த்தவர்கள் எழுதியவை. ராமலிங்கத்தின் தாளத்தையும் அந்தப் பாரிஸ் கூட்டத்தின் மௌனத்தையும் ஒரே நேரத்தில் கேட்க எனக்கு ஆசை.

இயந்திரம் வரும்வரை என்ன பார்க்கலாம் என்று அடுத்துக் கேட்பீர்கள். முதலில் ராயல் டேனிஷ் பாலேயின் 'லா சில்ஃபீட்'. அடவு தாலியோனியுடையது இல்லையென்றாலும், 1836இலிருந்து கைமாறிக் கைமாறி வந்த உடல்மொழி. அடுத்து 'லா விவாந்தியேர்' ஆறுபேர் ஆட்டம். 'ஜிசெல்'லுக்கு, மேரியன் ஸ்மித்தும் டக் ஃபுலிங்டனும் பழைய பிரதிகளைப் படித்துக்கொடுக்க, பீட்டர் போல் 2011இல் சியாட்டிலில் பசிஃபிக் நார்த்வெஸ்ட் பாலேக்காக அமைத்தது. அல்லது அலெக்ஸி ரத்மான்ஸ்கி 2019இல் போல்ஷோய்க்கு அமைத்தது. இரண்டிலும் ஃபியூக் திரும்பி வந்திருக்கிறது, அபிநயமும் நிறைய. டேனிஷ் 'லா சில்ஃபீட்'டை முதல் தடவை பார்க்கும்போது கால்களை விட்டுவிட்டு மேட்ஜின் கைகளையும் முகத்தையும் மட்டும் தொடருங்கள். இசை எந்த இடத்தில் அவளுக்காகப் பேசுகிறது என்று பிடிபட்ட பிறகு, இரண்டாம் தடவை ஜேம்ஸின் கால்களைப் பாருங்கள்.